வேகத்துக்கு எது சாட்சி?

சாலை விதிமீறல்களிலேயே பிடிப்பதற்குக் கடினமானது வேகம். ஹெல்மெட் இல்லாத தலை நூறு மீட்டர் தூரத்திலேயே தெரியும். ஒரே பைக்கில் மூன்று பேர் போனாலும் தெரியும். சிவப்பு விளக்கைத் தாண்டிய வண்டியைச் சிக்னலில் நிற்கும் அத்தனை பேரும் பார்க்கிறார்கள். ஆனால் நான்குவழிச் சாலையில் வரும் ஒரு கார் 95-ல் வருகிறதா, 125-ல் வருகிறதா என்பதை இருபது ஆண்டு அனுபவமுள்ள காவலராலும் ஊகிக்கத்தான் முடியும், நிரூபிக்க முடியாது. "தலைக்கவசம் இல்லாதவனையே மடக்குகிறார்கள், பறக்கிறவனை விட்டுவிடுகிறார்கள்" என்று பொதுமக்கள் காலங்காலமாகச் சொல்லும் குறைக்குப் பதிலில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

சட்டமே அப்படித்தான் அமைந்திருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு வேக வரம்பை மீறக் கூடாது என்கிறது. 183-ஆம் பிரிவு மீறினால் தண்டனை என்ன என்று சொல்கிறது. அந்த 183-க்குள் அதிகம் பேசப்படாத ஓர் உட்பிரிவு உண்டு. ஒரு வண்டி வரம்பை மீறிய வேகத்தில் வந்தது என்று ஒரே ஒரு சாட்சி தன் கருத்தாகச் சொல்வதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. அந்தக் கருத்து ஒரு கருவியின் அளவீட்டை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும். முதலில் "இயந்திரக் கருவி" என்று இருந்த இடத்தில் 2019 திருத்தம் "மின்னணுக் கருவி"யையும் சேர்த்தது. குடிமகனுக்கு இது நல்ல பாதுகாப்பு. எந்தக் காவலரும் மனம்போன போக்கில் "நீ வேகமாக வந்தாய்" என்று சொல்லிப் பணம் கேட்க முடியாது. அதே பாதுகாப்பின் மறுபக்கம், கருவி இல்லாத காவல் நிலையத்துக்கு வேகம் என்ற குற்றமே கைக்கு எட்டாது என்பது. தமிழ்நாட்டின் ஊர்ப்புறச் சாலைகளில் பெரும்பகுதி அந்த நிலையில்தான் இருக்கிறது.

அபராதமும் நீண்ட காலம் பெயரளவுக்கே இருந்தது. பழைய சட்டத்தில் முதல் முறைக்கு 400 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறைகளுக்கு 1,000 ரூபாய் வரை. 2019 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் இலகுரக வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் என்று உயர்த்தியது. இரண்டாவது முறை பிடிபட்டால் ஓட்டுநர் உரிமத்தையே பறிமுதல் செய்ய வழி உண்டு. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தன.

காவலர்கள் "ஸ்பீடு கன்" என்று சொல்லும் கருவியில் இரண்டு வகை உண்டு. ஒன்று ரேடார். ஆம்புலன்ஸ் நம்மை நெருங்கும்போது சைரன் கீச்சென்று ஒலிப்பதும், கடந்து போனதும் சுருதி இறங்குவதும் எல்லோரும் கேட்டதுதான். ரேடார் அதே தத்துவத்தை நுண்ணலையில் பயன்படுத்துகிறது. 24 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அனுப்பிய அலை, 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வரும் காரில் பட்டுத் திரும்பும்போது சுமார் 4,400 ஹெர்ட்ஸ் கூடியிருக்கும். அந்தக் கூடுதலைக் கணக்கிட்டால் வேகம் வந்துவிடும். ஆனால் ரேடார் அலை விரிந்து செல்லும். தூரம் அதிகமாக அதிகமாகச் சாலையின் அகலம் முழுவதையும் அது மூடிவிடும். பஸ்ஸும் காரும் ஒன்றையொன்று ஒட்டி வந்தால் திரையில் தெரியும் எண் எதனுடையது என்ற கேள்வி வரும்.

மற்றொன்று லேசர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித் துடிப்புகளை இது வரிசையாக அனுப்புகிறது. 300 மீட்டரில் உள்ள காரில் பட்டு ஒளி திரும்பிவர ஒரு நொடியில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு நேரம் ஆகும். அந்த நேரத்தை வைத்துத் தூரத்தை அளந்து, அடுத்தடுத்த துடிப்புகளில் தூரம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து வேகத்தைக் கணக்கிடுகிறது. எல்லாம் ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். அதற்குள் 100-ல் வரும் கார் 9 மீட்டர் நகர்ந்திருக்கும். லேசர்க் கற்றை 300 மீட்டரிலும் சுமார் ஒரு மீட்டர் அகலமே இருக்கும். எனவே கூட்டத்துக்குள் ஒரே ஒரு வண்டியின் நம்பர் பிளேட்டைக் குறிவைக்கலாம்.

இரு கருவிகளுக்கும் பொதுவான ஒரு பிழை உண்டு. காவலர் சாலைக்கு நடுவே நின்று அளக்க முடியாது, ஓரத்தில்தான் நிற்கிறார். சாய்கோணத்தில் அளக்கும்போது கருவி உண்மையான வேகத்தைவிடக் குறைத்தே காட்டும். 20 டிகிரி சாய்வில் 100 கிலோமீட்டர் வேகம் 94 என்று தெரியும். பிழை எப்போதும் ஓட்டுநருக்குச் சாதகமாகவே இருக்கும் என்பதால், கருவியை நேர்மையாக இயக்கும் காவலரிடம் வாதாடும்போது இந்தக் காரணம் உதவாது. கருவி சரியாக இருக்கிறதா என்ற கேள்வி வேறு. தராசுக்கும் பெட்ரோல் பம்புக்கும் முத்திரை கட்டாயம் என்பதுபோல, வாகன வேகத்தை அளக்கும் ரேடார் கருவிகளுக்கும் சரிபார்ப்பும் முத்திரையும் வேண்டும் என்று மத்திய அரசின் சட்டமுறை எடையளவு விதிகள் 2025-ல் வகைசெய்தன. இது எப்போதோ வந்திருக்க வேண்டிய விதி.

கருவி கையில் கிடைத்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. வழக்கமான சோதனையில் ஒருவர் கருவியோடு முன்னால் இருப்பார். மடக்கும் குழு சில நூறு மீட்டர் தள்ளி, பேரிகார்டு போட்டு நிற்கும். முன்னால் இருப்பவர் வண்டியின் நிறம், வகை, எண், வேகம் எல்லாவற்றையும் வாக்கி-டாக்கியில் சொல்ல வேண்டும். 110-ல் வரும் கார் 500 மீட்டரைக் கடக்க எடுத்துக்கொள்வது 16 நொடி. அந்த 16 நொடிக்குள் தகவலைக் கேட்டு, வரும் வண்டிகளில் அதை அடையாளம் கண்டு, பின்னால் லாரி எதுவும் ஒட்டி வருகிறதா என்று பார்த்து, கை காட்டுவதா விட்டுவிடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். ஓட்டுநர் திடீரென்று பிரேக் அடித்தால் பின்னால் வருபவர் மோதுவார். பயந்து விலகினால் ஓரத்தில் நிற்கும் காவலர் மேலேயே ஏறுவார். மழையிலும் இருட்டிலும் ஒளிரும் ஜாக்கெட் ஒன்றுதான் அவருக்குக் காப்பு. அனுபவமுள்ள அதிகாரி நிற்காமல் போகும் வண்டிக்குக் குறுக்கே பாயமாட்டார், துரத்தவும் மாட்டார். எண்ணைக் குறித்துக்கொண்டு இ-சலான் அனுப்புவார். ஒரு சலானுக்காக ஓர் உயிரைப் பணயம் வைப்பது கணக்குக்கு ஒத்துவராது என்பது அந்த வேலையில் முதலில் கற்க வேண்டிய பாடம்.

நிறுத்தியவுடன் வரும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: "என்ன சார், எனக்கு முன்னாடி போனவன விட்டுட்டு என்னைய மட்டும் புடிக்கிறீங்க?" அவர் சொல்வது பல நேரம் உண்மை. ஒரு வண்டியை அளந்து, நிறுத்தி, சலான் போட்டு முடிக்கும் ஐந்தாறு நிமிடத்தில் இன்னும் பல வண்டிகள் அதே வேகத்தில் கடந்துபோகும். அத்தனை பேரையும் பிடிக்க முடியவில்லை என்பதால் பிடிபட்டவர் செய்தது தவறில்லை என்று ஆகிவிடாது. ஆனால் சாலையோரத்தில் வெயிலில் நிற்பவருக்கு இதை விளக்கிக்கொண்டிருக்க நேரமும் இருக்காது, பொறுமையும் இருக்காது. "வண்டிய ஓரமா நிறுத்துங்க, லைசென்ஸ் எடுங்க" என்பதோடு பேச்சு முடிகிறது. இரு தரப்பிலும் கசப்பு மிஞ்சுகிறது. உண்மையிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவரும் இருப்பார், அப்படிச் சொல்லித் தப்பிப்பவரும் இருப்பார். யார் யார் என்று அரை நிமிடத்தில் முடிவு செய்வது அதிகாரியின் விவேகத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

இதே அதிகாரிகள் வேகத்தைப் பார்க்கும் இன்னோர் இடம் உண்டு. பொதுமக்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. சாலையில் ஒருவர் இறந்தால் காவல்துறை செய்ய வேண்டிய வேலைகள் நீளமானவை. உடலைப் பிணவறைக்கு அனுப்ப வேண்டும். பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை நடத்தி அறிக்கை எழுத வேண்டும். சம்பவ இடத்தில் பார்வை மகஜர், மாதிரி வரைபடம் தயாரிக்க வேண்டும். டயர் தேய்ந்த தடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கண்ணாடித் துண்டு எவ்வளவு தூரம் சிதறியிருக்கிறது, செருப்பு எங்கே கிடக்கிறது என்றெல்லாம் டேப் வைத்து அளப்பார்கள். ஊர் மக்கள் இன்னமும் "பிரேக் இன்ஸ்பெக்டர்" என்றே அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து, வண்டியில் இயந்திரக் கோளாறு உண்டா என்று பார்த்துச் சான்று தர வேண்டும். 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிப்படி முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்திலும், விரிவான அறிக்கை 90 நாளிலும் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இறந்தவரின் செல்பேசியில் கடைசியாக அழைத்த எண்ணைத் தேடி, எதிர்முனையில் எடுப்பவர் மனைவியா, தாயா என்று தெரியாமலே பேச வேண்டும். அந்த அழைப்பைப் பலமுறை செய்தவர் சாலையில் 110 என்ற எண்ணைப் பார்க்கும் விதமும், ஓட்டுநர் அதைப் பார்க்கும் விதமும் ஒன்றாக இருக்க முடியாது.

தமிழ்நாட்டு விபத்து வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையைப் படித்தவர்களுக்கு ஒரு தொடர் மனப்பாடமாகியிருக்கும்: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்". புகார் கொடுப்பவர் யாராக இருந்தாலும், விபத்து எப்படி நடந்திருந்தாலும் இந்த வாசகம் வந்துவிடும். கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்கு அதுவே அடிப்படை. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 304-ஏ, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு. இழப்பீடு கேட்கும் குடும்பமும் எதிர் ஓட்டுநரின் கவனக்குறைவைக் காட்டியாக வேண்டும். இதன் விளைவு புள்ளிவிவரத்தில் தெரிகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி நாட்டில் நடந்த 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இறப்புகளில் 71 சதவீதத்துக்கு மேல் அதிவேகமே காரணம் என்று பதிவாகியிருக்கிறது. இந்தப் பங்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சாலையின் வளைவு, விளக்கில்லாத சந்திப்பு, நடுத்தடுப்பில் ஊர்க்காரர்கள் வெட்டிய வழி, ஓரத்தில் விளக்கில்லாமல் நின்ற லாரி எல்லாம் "அதிவேகம்" என்ற ஒற்றைக் கட்டத்துக்குள் மறைந்துபோகின்றன. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய மின்னணு விபத்துப் பதிவு முறையில் காவலர் சம்பவ இடத்திலேயே செல்பேசி வழியாகச் சாலை அமைப்பு, வெளிச்சம், வண்டியின் நிலை என்று தனித்தனியாக நிரப்புகிறார். கட்டங்களை முழுதாக நிரப்பினால் காலப்போக்கில் தெளிவான சித்திரம் கிடைக்கும்.

அந்த எச்சரிக்கையோடு சொன்னாலும், வேகத்தின் பங்கு மிகப் பெரியது என்பதில் ஐயமில்லை. அதற்கு இயற்பியலே சான்று. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகிறது என்று கொள்வோம். சாலை ஈரமில்லாமல் இருக்கிறது, டயரும் பிரேக்கும் நல்ல நிலையில் இருக்கின்றன. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் முழுதாக நிற்க 45 மீட்டர் வேண்டும். 80-க்கு 69 மீட்டர். 100-க்கு 97 மீட்டர். இப்போது இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக வருகின்றன, ஒன்று 60, மற்றொன்று 80. சரியாக 45 மீட்டருக்கு முன்னால் ஒரு பள்ளிப் பையன் சாலையில் இறங்குகிறான். 60-ல் வந்த கார் அவன் காலருகே நின்றுவிடும். 80-ல் வந்த கார் அந்த இடத்தைத் தொடும்போது இன்னும் சுமார் 65 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். கூடுதல் வேகம் 20 தானே என்று நினைத்தவர், நின்றிருக்க வேண்டிய இடத்தில் 65-ல் மோதுகிறார். ஒன்றரை நொடியும் வீணாக ஓடிவிடுவதால், பிரேக் பிடிக்கக் கிடைத்த தூரம் அவருக்குப் பன்னிரண்டு மீட்டருக்கும் குறைவுதான்.

இதற்கு ஈடாகக் கிடைப்பது என்ன? 20 கிலோமீட்டர் பயணத்தை 60-ல் போனால் 20 நிமிடம், 80-ல் போனால் 15 நிமிடம். வழியில் ஒரு சிக்னலோ ஒரு ரயில்வே கேட்டோ வந்தால் அந்த ஐந்து நிமிடமும் போய்விடும். சராசரி வேகத்துக்கும் மரணத்துக்கும் உள்ள உறவை ஸ்வீடனின் யோரன் நில்சன் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். உயிரிழப்பு விபத்துகள் சராசரி வேகத்தின் நான்காம் அடுக்கை ஒட்டி ஏறி இறங்குகின்றன என்பது அவர் முடிவு. உலக சுகாதார நிறுவனமும் சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும் என்கிறது. கார் மோதும் பாதசாரி இறப்பதற்கான வாய்ப்பு, மோதும் வேகம் 50-லிருந்து 65-க்கு உயரும்போது நான்கரை மடங்காகிறது. காவல் அதிகாரியின் நோக்கில் இதற்கு ஒரு நடைமுறைப் பொருள் உண்டு. 150-ல் பறக்கும் ஒரு பந்தயக்காரனைப் பிடிப்பது செய்தியாகும். சாலையில் போகும் ஆயிரம் பேரின் வேகத்தை ஐந்து கிலோமீட்டர் குறைப்பது செய்தியாகாது. உயிர்களை அதிகம் காப்பது இரண்டாவதுதான்.

ஆனால் ஆயிரம் பேரைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் வரம்பு நியாயமாக இருக்க வேண்டும். சென்னையில் 2023 நடுவில் வேகத்தைத் தானியங்கிக் கருவிகளால் கண்காணிக்கப் போவதாக அறிவிப்பு வந்தபோது, பகலில் 40 என்ற எண் வெளியானதும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அகலமான, காலியான சாலையில் 45-ல் போனவருக்கும் அபராதமா என்று கேட்டார்கள். அதன்பின் வரம்புகள் மறுஆய்வு செய்யப்பட்டு 2023 நவம்பரில் புதியவை வந்தன. இலகுரக வாகனங்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதியில் எல்லா வாகனத்துக்கும் 30. இது சரியான திருத்தம். எல்லோரும் மீறும் வரம்பைக் கையில் கொடுத்துவிட்டு அதை அமல்படுத்தச் சொன்னால், யாரைப் பிடிப்பது என்பது அதிகாரியின் விருப்பமாகிவிடும். விருப்பம் நுழையும் இடத்தில்தான் பாரபட்சமும் கையூட்டும் நுழைகின்றன. நெடுஞ்சாலை வரம்பிலும் இழுபறி உண்டு. 2018 ஏப்ரலில் மத்திய அரசு கார்களுக்கு விரைவுச்சாலையில் 120, நடுத்தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் 100 என்று உயர்த்தியது. 2021 ஆகஸ்டில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்து தீர்ப்பளித்தது.

அபராதத் தொகையை உயர்த்தினால் வேகம் குறையும் என்று நம்புகிறவர்கள் பலர். தொகையைவிடப் பிடிபடுவோம் என்ற உறுதியே ஓட்டுநரைக் கட்டுப்படுத்துகிறது என்பது சாலையில் நிற்பவர்களின் அனுபவம், ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. மாதத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரச் சோதனையில் 2,000 ரூபாய் கட்டியவர் அதைத் துரதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்வார். தினமும் அளக்கப்படும் சாலையில் 500 ரூபாயே போதும். நேரடிச் சோதனையின் தாக்கம் குறுகியது என்பதையும் ஒவ்வொரு ரோந்து வாகனக்காரரும் அறிவார். எதிரே வரும் வண்டிகள் ஹெட்லைட்டை அடித்து அடித்து எச்சரிக்கும். பேரிகார்டு வரை எல்லோரும் ஒழுங்காக வருவார்கள். தாண்டியதும் மூன்றாவது கியரில் எஞ்சின் உறுமுவது பின்னாலேயே கேட்கும். அந்த எச்சரிக்கை விளக்கால் ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் நன்மை செய்வதாக நினைக்கிறார்கள். எச்சரிக்கப்பட்டவர்களில் ஒருவர் குடித்துவிட்டு ஓட்டுபவராகவோ திருடிய வண்டியில் போகிறவராகவோ இருக்கலாம் என்பது நினைவில் வருவதில்லை.

காவல்துறையின் மேல் மக்களுக்குள்ள அவநம்பிக்கையைப் பேசாமல் இந்தப் பொருளைப் பேச முடியாது. மரத்தின் பின்னால் மறைந்திருந்து பாய்வது, மாத இறுதியில் கணக்குக் காட்டக் கேஸ் போடுவது, ரசீது இல்லாமல் கை நீட்டுவது என்று குற்றச்சாட்டுகள் நீளும். அவை ஆதாரமற்றவை என்று எந்த நேர்மையான அதிகாரியும் சொல்லமாட்டார். சென்னையில் 2018-ல் ரொக்கமில்லாத இ-சலான் முறை வந்ததற்குக் காரணமே ரொக்கம் கைமாறும் இடத்தை அடைப்பதுதான். மறுபக்கத்தில், நிறுத்தப்பட்டவர் செல்பேசியை நீட்டி "அண்ணன் பேசுறாரு, பேசுங்க சார்" என்று சொல்லும் காட்சியும் அன்றாடம் நடக்கிறது. அந்த அழைப்பை எடுக்க மறுக்கும் உதவி ஆய்வாளருக்கு மேலதிகாரியின் துணை இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மறுமுறை அவர் எடுத்துவிடுவார். சட்டத்தை அமல்படுத்த வேண்டியவர்களே மீறினால் என்ன என்ற கேள்விக்கும் 2019 திருத்தத்தில் விடை உண்டு. 210-பி பிரிவுப்படி அவர்களுக்கு அபராதம் இரு மடங்கு. ஹெல்மெட் இல்லாமல் புல்லட்டில் போகும் ஒரு காவலரைப் பார்த்த தெரு, அடுத்த மாதம் நடக்கும் விழிப்புணர்வுப் பேரணியை நம்பாது.

ஆளை நம்பாமல் கருவியை நம்பும் பாதையைச் சட்டம் 136-ஏ பிரிவில் திறந்தது. 2021-ல் சேர்ந்த 167-ஏ விதி அதற்கு நிபந்தனைகளைச் சொன்னது. கேமராவுக்கு மாநில அரசு குறிப்பிடும் அமைப்பின் ஒப்புதல் சான்று வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்காணிப்பு உண்டு என்ற அறிவிப்புப் பலகை முன்னதாகவே வைக்க வேண்டும். அளவீடு, நாள், நேரம், இடம், எண் தெரியும் படம் எல்லாம் சலானோடு இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு போக வேண்டும். பலகை வைத்துவிட்டுப் பிடிப்பது என்ன பிடிப்பு என்று சிலர் கேட்பார்கள். பலகையைப் பார்த்து வேகம் குறைந்தால் நோக்கம் அங்கேயே நிறைவேறிவிட்டது. சலான் இல்லாமல் போனால் யாருக்கும் நட்டமில்லை. 136-ஏ பிரிவை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் வலியுறுத்தியது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன். 2012-ல் அவர் போட்ட பொதுநல மனுவால்தான் 2014-ல் சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு அமைந்தது. நொறுங்கிய எலும்புகளைத் தினமும் பார்க்கும் மருத்துவரும், பிரேத விசாரணை எழுதும் காவலரும் வேகத்தைப் பற்றி வந்து சேரும் முடிவு ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை.

ஒரே இடத்தில் நிற்கும் கேமராவுக்கும் பேரிகார்டின் பலவீனம் உண்டு. உள்ளூர் ஓட்டுநர் கேமராக் கம்பத்துக்கு நூறு மீட்டர் முன்னால் காலை எடுத்துவிட்டு, தாண்டியதும் மிதிப்பார். இதற்கு மாற்று, இரண்டு இடங்களில் எண்ணைப் பதிந்து, இடைப்பட்ட தூரத்தை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுப்பது. 100 கிலோமீட்டர் வரம்புள்ள சாலையில் 30 கிலோமீட்டரை 18 நிமிடத்துக்குள் கடந்தவர் எங்கோ வரம்பை மீறியிருக்கிறார். எங்கே என்று காட்ட வேண்டியதே இல்லை. மும்பை–புனே விரைவுச்சாலையில் இந்தச் சராசரி வேகக் கண்காணிப்பு இருக்கிறது. திடீர் பிரேக் குறைவதால் காவலர்களும் இதையே விரும்புகிறார்கள்.

வாடகை வாகனங்களின் வேகம் தனிக் கதை. லாரி, பஸ், சரக்கு வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 80-ஐத் தாண்டவிடாத ஸ்பீடு கவர்னர் கட்டாயம். தகுதிச் சான்று வாங்கும் நாளில் வேலை செய்யும் கவர்னர், மறுநாள் ஒயர் பிடுங்கப்பட்டுத் தொங்குவது நெடுஞ்சாலைக் காவலருக்குப் பழகிய காட்சி. ஓட்டுநரைப் பிடித்தால் அவர் சொல்லும் பதில் நியாயமாகக்கூட இருக்கும்: லோடு விடியற்காலைக்குள் இறங்காவிட்டால் வாடகையில் பிடித்தம், பஸ் தாமதமானால் அடுத்த வண்டிக்காரனுக்குப் போகும் கலெக்‌ஷன். இந்த இடத்தில் 183-ஆம் பிரிவு கூர்மையான ஆயுதம் ஒன்றை வைத்திருக்கிறது. வேகமாக ஓட்டும்படி ஊழியரைச் செய்விக்கும் முதலாளியும் குற்றவாளி. வரம்பை மீறாமல் முடிக்கவே முடியாத நேர அட்டவணையை வெளியிட்டிருந்தால், அந்த அட்டவணையே அவருக்கு எதிரான முதல்நிலைச் சான்று. இந்தப் பிரிவின் கீழ் பஸ் கம்பெனி முதலாளிகள் மேல் வழக்குகள் வழக்கமாகப் பதிவாகியிருந்தால் பல ஊர்களில் டைம் எடுப்பதற்காக நடக்கும் பஸ் பந்தயம் எப்போதோ அடங்கியிருக்கும். ஏட்டில் இருக்கும் அதிகாரத்தை எடுத்துப் பயன்படுத்தாதது காவல்துறையின் குறையே.

எல்லாவற்றையும் காவலர் மேல் சுமத்தவும் முடியாது. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ உள்ள 5 விபத்துகள், அல்லது 10 மரணங்கள் நடந்தால் அது விபத்துக் கரும்புள்ளி என்று அறிவிக்கப்படுகிறது. அங்கே மேம்பாலம் கட்டுவதோ, வழியை அடைப்பதோ, விளக்குப் போடுவதோ நெடுஞ்சாலைத் துறையின் வேலை. காவல் நிலையம் கடிதம் எழுதலாம், பேரிகார்டை வைத்து மணல் மூட்டை அடுக்கலாம். கிராமத்துக்குள் நுழையும் நேரான, அகலமான சாலை ஓட்டுநரிடம் "வேகமாகப் போ" என்கிறது; ஓரத்துப் பலகை "30" என்கிறது. சாலை சொல்வதைத்தான் பெரும்பாலோர் கேட்பார்கள்.

சலான் போன பிறகு நடப்பதில்தான் இப்போது பெரிய ஓட்டை. கேமரா படமெடுப்பது வண்டியை, அறிவிப்பு போவது உரிமையாளருக்கு. வண்டியை விற்றுவிட்டுப் பெயர் மாற்றாதவர்கள், பழைய முகவரியில் இல்லாதவர்கள், செல்பேசி எண்ணை மாற்றியவர்கள் கைக்கு அது சேர்வதே இல்லை. சேர்ந்தாலும் பலர் கட்டுவதில்லை. கட்டாதவை மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போகின்றன. ஏற்கனவே வழக்கு தேங்கிய அமைப்பில் இவையும் சேர்கின்றன. அதிவேகத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றக் குழு 2015-லேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அதற்குக் காவல் அதிகாரி பரிந்துரை அனுப்ப வேண்டும், உரிமம் வழங்கிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஓட்டுநரை விசாரித்து ஆணையிட வேண்டும். அந்த நடைமுறைக்கு ஓட்டுநர் யார் என்பது தெரிய வேண்டும். கேமராவால் அதை எப்போதும் சொல்ல முடியாது, சாலையில் நிறுத்தி முகத்தைப் பார்த்து உரிமத்தை வாங்கிப் பார்க்கும் காவலரால் முடியும். கேமராக்கள் எவ்வளவு பெருகினாலும் ஸ்பீடு கன்னோடு ஒரு குழு சாலையில் நின்றுகொண்டிருக்க வேண்டிய தேவை இதனாலேயே தொடர்கிறது.